வங்கத்துப் புலியும் கவர்னர் மாளிகையும்

ஐம்பத்தேழு நாட்கள்! 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஒரு மந்திரிசபை பதவி ஏற்றது. மே 30ஆம் நாள் அதன் கழுத்தைத் திருகிப் போட்டார்கள். லஞ்சம் வாங்கி அகப்பட்டதா? இல்லை. சட்டமன்றத்தில் தோற்றதா? தோற்கடிக்க அங்கே ஆள் ஏது! முஸ்லிம் தொகுதிகள் 237. அவற்றில் அந்த அணி வென்றவை 223. அதுவரை நாட்டையே ஆண்டுகொண்டிருந்த முஸ்லிம் லீகுக்குக் கிடைத்தவை ஒன்பது. அப்படி மக்கள் அள்ளி அள்ளிக் கொடுத்த ஓட்டுகளைக் கராச்சியில் இருந்த ஒருவர் ஒரு கையெழுத்தில் செல்லாக்காசு ஆக்கினார்.

அந்த இடம் கிழக்கு வங்கம். பின்னாளில் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர் மாற்றப்பட்டு, 1971இல் வங்காள தேசமாகத் தனித்துப் போன மண். அந்த மந்திரிசபையின் தலைவர் எண்பது வயதைத் தாண்டிய கிழவர். பெயர் பஸ்லுல் ஹக். மக்கள் வைத்த பெயர் வங்கத்துப் புலி.

இந்தக் கிழவரின் கதையைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். அவர் தள்ளப்பட்டார் என்பதற்காக மட்டும் அன்று. டில்லியோ கராச்சியோ, மாகாணத்தின் முதுகில் ஏறிச் சவாரி செய்த கதைகள் ஏராளம். அவற்றுள் இதுவும் ஒன்று என்றால் இவ்வளவு மை செலவழிக்க வேண்டியதில்லை. தள்ளப்பட்டவர் சில ஆண்டுகளில் தள்ளுகிற நாற்காலியிலேயே போய் அமர்ந்தார். அமர்ந்து என்ன செய்தார் என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது. முதற்பாதியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் பிற்பாதியை மறைப்பது நமக்குப் பழக்கமில்லை.

ஹக் பிறந்தது 1873இல், நதிகளும் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் பாரிசால் பகுதியில். தந்தை வக்கீல். மகன் கல்கத்தாவில் கணிதமும் சட்டமும் படித்தார். ஆசுதோஷ் முகர்ஜி என்ற பெரும் வழக்கறிஞரிடம் தொழில் பழகினார். கொஞ்ச காலம் வெள்ளைக்காரன் உத்தியோகத்தில் இருந்துவிட்டு, அதை உதறிவிட்டு அரசியலுக்கு வந்தார். 1913இல் வங்கச் சட்டசபை உறுப்பினர். ஒரே காலத்தில் முஸ்லிம் லீகின் தலைவராகவும் காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர் என்று சொன்னால் இன்று நம்பச் சிரமமாக இருக்கும். அன்று அது நடந்தது.

ஆனால் அவரைத் தலைவராக்கியது லீகும் அல்ல, காங்கிரசும் அல்ல. சேற்றில் இறங்கி நெல்லும் சணலும் விளைவித்த குடியானவன். 1793இல் கார்ன்வாலிஸ் பிரபு ஏற்படுத்திய நிரந்தர நிலவரித் திட்டம் வங்கத்தில் ஜமீன்தார்களைப் படைத்தது. ஜமீன்தாருக்குக் கீழே ஒரு குத்தகைக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர், இப்படி அடுக்கடுக்காக நின்று வாங்கித் தின்ன, அத்தனை பேரையும் தோளில் சுமந்தவன் குடியானவன். விளைச்சல் பொய்த்தால் லேவாதேவிக்காரன் வாசலில் நிற்பான். 1930ஐ ஒட்டி உலகமெங்கும் விலைகள் சரிந்தபோது சணல் விலையும் சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை.

அந்தக் குடியானவர்களுக்கு ஹக் சொன்னது நீண்ட தத்துவம் அல்ல. ‘டால் பாத்’ என்றார். பருப்பும் சோறும்! எல்லாருக்கும் இரண்டு வேளை பருப்பும் சோறும் கிடைக்க வேண்டும், அதற்கு ஜமீன்தாரி ஒழிய வேண்டும் என்றார். கிருஷக் பிரஜா கட்சி என்று தம் கட்சிக்குப் பெயரிட்டார்; குடியானவர் கட்சி என்று பொருள்.

1937இல் தேர்தல். பட்டுவாகாலி தொகுதியில் அவரை எதிர்த்தவர் சாமானியர் அல்லர். டாக்கா நவாபு குடும்பத்தைச் சேர்ந்த குவாஜா நாஜிமுத்தீன். ஜமீன் அவருடையது, காரியஸ்தர்கள் அவருடையவர்கள், கவர்னரின் ஆதரவும் அவருக்கே. இருவருக்கும் மதம் ஒன்று. ஆனால் ஒருவர் வாரம் வாங்குகிற வீட்டுப் பிள்ளை. மற்றவர் வாரம் கொடுக்கிறவனின் வக்கீல். நவாபு வீட்டு நிலத்தில் உழுதவர்களே நவாபு வீட்டுப் பிள்ளையைத் தோற்கடித்தார்கள். தமது பண்ணையிலேயே தோற்ற பண்ணையார்!

இவ்வளவும் கேட்க இனிக்கிறது. அடுத்து நடந்தது கசப்பு. எந்தக் கட்சிக்கும் தனித்த பெரும்பான்மை இல்லை. காங்கிரசுடன் சேர்ந்து ஆளப் பேசினார் ஹக், பேச்சு முறிந்தது. முஸ்லிம் லீகுடன் கைகோத்தார். வங்கத்தின் பிரதமர் ஆனார். அந்நாளில் மாகாண முதல் மந்திரிக்குப் பிரதமர் என்றே பெயர். மந்திரிசபையில் பதினோரு பேர். பெரும்பாலோர் ஜமீன் வர்க்கத்தார். பட்டுவாகாலியில் மண்ணைக் கவ்விய நாஜிமுத்தீன் கல்கத்தாவில் ஓர் இடைத்தேர்தல் வழியாக உள்ளே வந்து, போலீஸ் இலாகாவைக் கையில் வைத்திருக்கும் உள்நாட்டு மந்திரியாக அமர்ந்தார். கொடி பிடித்த தொண்டன் வாயடைத்து நின்றான். கட்சியில் ஒரு பகுதி பிரிந்தே போயிற்று.

ஆனாலும் நியாயம் பேசவேண்டும். அந்த ஆட்சி வெறுங்கையோடு போகவில்லை. கடன் தீர்வு போர்டுகள் ஊர் ஊராக அமைந்தன. அநியாய வட்டி ஏறிய கடன்கள் வெட்டிக் குறைக்கப்பட்டன. 1938இல் குத்தகைச் சட்டம் திருத்தப்பட்டது. ஜமீன்தார் இஷ்டத்துக்கு விதித்த சில்லறைப் பிடுங்கல்கள் நின்றன. 1940இல் லேவாதேவிக்காரர்களுக்குக் கடிவாளம் போடும் சட்டம் வந்தது. நிலவரி பற்றி ஆராய அமைத்த பிளவுட் கமிஷன், ஜமீன்தாரியே ஒழியவேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. கமிஷன் சொன்னதை நிறைவேற்ற அவருக்குத் துணிவோ வாய்ப்போ கிடைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் பாரிசால் குடியானவன் பல ஆண்டுகள் அவர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டதற்குக் காரணம் மேடைப்பேச்சு அன்று. கிழித்தெறியப்பட்ட கடன் பத்திரம்.

1940 மார்ச் 23ஆம் நாள் லாகூரில் முஸ்லிம் லீகின் புகழ்பெற்ற தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இதே ஹக்தான். பாகிஸ்தானின் விதை என்று பின்னர் கொண்டாடப்பட்ட தீர்மானம். அதன் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். வடமேற்கிலும் கிழக்கிலும் சுதந்திர ‘நாடுகள்’ என்று அது பேசியது, பன்மை! பிறகு அந்தப் பன்மை ஒருமை ஆக்கப்பட்டது. ஒரு எழுத்து போனதால் என்ன என்று கேட்டவர்களுக்கு 1971 விடை சொன்னது.

தீர்மானத்தை முன்மொழிந்தவருக்கும் ஜின்னாவுக்கும் அடுத்த ஆண்டே முறிந்தது. வைசிராயின் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் ஹக் இடம்பெற்றார். லீகின் தலைமை விலகச் சொன்னது. விலகினார், லீகின் செயற்குழுவையும் சேர்த்து உதறினார். வங்கத்துக்கு எது நல்லது என்பதை வங்கத்துக்கு வெளியே இருப்பவர் தீர்மானிப்பதா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. 1941 டிசம்பரில் புதுக் கூட்டு மந்திரிசபை அமைத்தார். நிதி மந்திரி யார் தெரியுமா? இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி, பிற்காலத்தில் ஜனசங்கத்தை நிறுவியவர்! எண்ணெயும் தண்ணீரும் ஒரே குடத்தில்.

இனி நம் கதையின் முதல் கவர்னர் வருகிறார்: சர் ஜான் ஹெர்பர்ட்.

ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துவிட்டனர். வங்கக் கடலோரத்தில் எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று படகுகளைப் பறிமுதல் செய்தது வெள்ளை ஆட்சி, நெல்லையும் அப்புறப்படுத்தியது. படகு போனால் மீனவனுக்குப் பிழைப்பு ஏது, ஆற்றுத் தீவில் பயிர் செய்கிறவன் வயலுக்குப் போவது எப்படி? மந்திரிகளைக் கேட்காமலே கவர்னரும் அதிகாரிகளும் இவற்றைச் செய்கிறார்கள் என்று 1942 ஆகஸ்டில் ஹக் கவர்னருக்கே கடிதம் எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் மிதுனபுரியைப் புயல் துவைத்துப் போட்டது. போலீஸ் அட்டூழியம் வேறு. சியாமா பிரசாத் ராஜினாமா செய்தார். அங்கே நடந்தவை பற்றி விசாரணை வேண்டும் என்ற குரலுக்கு ஹக் சட்டசபையில் இணங்கினார்.

1943 மார்ச் 28ஆம் நாள் கவர்னர் மாளிகைக்கு அழைப்பு. போனார். மேசைமேல் ஒரு காகிதம் தயாராக டைப் அடித்து வைத்திருந்தது. அவருடைய ராஜினாமாக் கடிதம்! அவர் எழுதாத ராஜினாமா, அவர் பெயரில். சட்டசபையில் பெரும்பான்மை இருந்தும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆவது பிரிவைப் போட்டுக் கவர்னர் தாமே ஆண்டார். ஏப்ரலில் நாஜிமுத்தீனைக் கூப்பிட்டு நாற்காலியில் வைத்தார். அந்த ஆண்டுதான் வங்கப் பஞ்சம். செத்தவர்கள் சுமார் முப்பது லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்த 93ஆவது பிரிவு நமக்கும் அந்நியமானதன்று. 1939இல் காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பின் 1946 வரை சென்னை மாகாணத்தைக் கவர்னர் ஆண்டது இதே பிரிவின் கீழேதான். வெள்ளையன் கப்பலேறினான், பிரிவு கப்பலேறவில்லை. இங்கே அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவு என்று மறுபிறவி எடுத்தது. 1976 ஜனவரி 31ஆம் நாளும் 1991 ஜனவரி 30ஆம் நாளும் அதன் பல் நம் சதையில் பதிந்தது. அங்கே 1948இல் 92-ஏ என்று பெயர் சூடிக்கொண்டது. 1949இல் பஞ்சாப், 1951இல் சிந்து என்று பசியாறிவிட்டுக் கிழக்கே திரும்பியது.

கிழக்கே என்ன நிலை? 1951 கணக்கெடுப்பின்படி பாகிஸ்தான் மக்களில் பாதிக்கு மேல் கிழக்கு வங்கத்தார். நான்கு கோடிக்கு மேல். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த முதற் பொருள் அவர்கள் விளைவித்த சணல். தலைநகரோ ஆயிரம் மைலுக்கு அப்பால் கராச்சியில். ஆட்சிமொழி உருது ஒன்றே என்றார்கள். தாய்மொழிக்கு இடம் கேட்டு டாக்காவில் கிளம்பிய மாணவர்களை 1952 பிப்ரவரி 21ஆம் நாள் போலீஸ் சுட்டுக் கொன்றது. மொழிக்காகச் செத்தவர்களின் பெயர் தாங்கிய மண்ணில் வாழும் நமக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

ஹக் மறுபடி எழுந்தார். 1953இல் கிருஷக் சிரமிக் கட்சி. குடியானவர், தொழிலாளர் கட்சி. மவுலானா பாஷானி, சுஹ்ரவர்தி ஆகியோரின் அவாமி முஸ்லிம் லீகுடன் சேர்ந்து ஐக்கிய முன்னணி. படகுச் சின்னம். இருபத்தோரு அம்சத் திட்டம். முதல் அம்சம் வங்கமொழிக்கு ஆட்சிமொழித் தகுதி. ஜமீன்தாரி நட்டஈடின்றி ஒழிய வேண்டும். சணல் வாணிபம் நாட்டுடைமை ஆக வேண்டும். பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, நாணயம் இவை மூன்று தவிர மற்றவை மாகாணத்துக்கே வேண்டும். முதல் மந்திரி வாழும் பர்துவான் மாளிகையை வங்கமொழி ஆராய்ச்சி நிலையமாக்க வேண்டும். 1954 மார்ச்சில் ஓட்டுப்பெட்டி பேசியது. முதல் மந்திரி நூருல் அமீனைத் தோற்கடித்தவர் ஒரு மாணவர்!

கராச்சி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. சாக்கு வேண்டுமே! கல்கத்தாவுக்குப் போன கிழவர், இரு வங்கமும் ஒரே மொழி பேசுவதை எண்ணி உருகிப் பேசினார். அது ஒரு சாக்கு. சுதந்திரமே தம் நோக்கம் என்று அவர் சொன்னதாக நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் நிருபர் எழுதினார்; அவர் மறுத்தார்; அதுவும் ஒரு சாக்கு. எல்லாவற்றிலும் கொடியது மூன்றாவது.

நாராயண்கஞ்சுக்கு அருகே ஆதம்ஜி சணல் ஆலை. 1951இல் இயங்கத் தொடங்கிய பெரும் ஆலை. முதலாளி வெளியிலிருந்து வந்தவர். வேலையாட்களில் உள்ளூர் வங்காளிகளும் உண்டு; பிரிவினையில் வீடிழந்து பீகார் முதலிய இடங்களிலிருந்து வந்த உருது பேசும் தொழிலாளரும் உண்டு. ஒரே நூல் பிடித்த கைகள். ஒரே தூசி அடைத்த நெஞ்சுகள். மே 15ஆம் நாள் அந்தக் கைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. நூற்றுக்கணக்கானோர் செத்தனர். விரிவாக்கப்பட்ட மந்திரிசபை பதவி ஏற்ற அதே நாள்! விவசாய மந்திரியாக அன்று பிரமாணம் எடுத்த முப்பத்துநான்கு வயது இளைஞர் ஷேக் முஜிபுர் ரகுமான். பதவி ஏற்ற கையோடு பிணங்களுக்கு நடுவே போய் நின்றது அந்த மந்திரிசபை.

பாட்டாளியைப் பாட்டாளி வெட்டினால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள். இங்கே விடை பதினைந்தே நாளில் வந்தது. சட்டம் ஒழுங்கு குலைந்தது என்றது கராச்சி. மே 30ஆம் நாள் 92-ஏ பாய்ந்தது. பிரதமர் முகம்மது அலி போக்ரா, தாமும் ஒரு வங்காளியாக இருந்தும், ஹக்கைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்ட துரோகி என்று வானொலியில் தூற்றினார். பாகிஸ்தான் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பாகிஸ்தானின் துரோகி! பாதுகாப்பு இலாகாச் செயலாளராக இருந்த இஸ்கந்தர் மிர்சா புதிய கவர்னராக வந்து இறங்கினார். கிழவருக்கு வீட்டுக்காவல், முஜிபுர் ரகுமானுக்குச் சிறை. போக்ராவைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவருக்கு முன் பிரதமராக இருந்தவர் நமது பழைய பட்டுவாகாலி நாஜிமுத்தீன், அவரையும் 1953இல் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது வீட்டுக்கு அனுப்பியிருந்தார். 1954 அக்டோபரில் அதே குலாம் முகம்மது அரசியல் நிர்ணய சபையையே கலைத்தார். மாகாணத்தில் பழகிய கை மத்தியிலும் ஓங்கிற்று.

இதுவரை கிழவர் பக்கம் நின்று பேசினோம். இனி அவரைப் பார்த்துப் பேசவேண்டும்.

ஐக்கிய முன்னணி உடைந்தது. ஒரே படகில் ஏறி வந்தவர்கள் ஆளுக்கொரு துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1955 ஜூனில் 92-ஏ நீங்கியதும் ஹக்கின் ஆளான அபு ஹுசேன் சர்க்கார் முதல் மந்திரி ஆனார். அவாமி லீக் எதிர்வரிசைக்குப் போனது. ஆகஸ்டில் கராச்சியில் புது மந்திரிசபை. அதில் உள்நாட்டு மந்திரி யார்? பதினைந்து மாதங்களுக்கு முன் துரோகி என்று தூற்றப்பட்ட அதே பஸ்லுல் ஹக்! அப்போது கவர்னர் ஜெனரல் நாற்காலியில் இருந்தவர், அவரை வீட்டுக்காவலில் வைத்த இஸ்கந்தர் மிர்சா. துரோகி என்றது பொய்யானால் அந்தப் பொய்யர்களோடு ஏன் சேர்ந்தார்? அவர் கட்சித் தொண்டன் யாரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்பான்?

பலன் இல்லாமலில்லை. 1956 அரசியல் சட்டத்தில் உருதுவுக்குச் சமமாக வங்கமொழியும் ஏறியது. பர்துவான் மாளிகையில் 1955 டிசம்பரிலேயே வங்கமொழிக் கழகம் குடியேறியது. பங்களா அகாடமி என்ற பெயரில் இன்றும் அங்கே இருக்கிறது. இருபத்தோரு அம்சங்களில் கண்ணால் பார்க்கக்கூடியதாக மிஞ்சியவற்றுள் அதுவும் ஒன்று.

1956 மார்ச்சில் ஹக் கிழக்குப் பாகிஸ்தானின் கவர்னர் ஆனார். ஹெர்பர்ட்டின் கையாலும் மிர்சாவின் வருகையாலும் பதவி இழந்தவர், கவர்னர் மாளிகைக்குள்ளேயே குடிபுகுந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவாமி லீகின் அதாவுர் ரகுமான் கான் முதல் மந்திரி. ஒன்றரை ஆண்டு ஓடியது. சட்டமன்றத்தில் கட்சித் தாவலும் பேரமும் நாறின. 1958 மார்ச் 31ஆம் நாள் கவர்னர் ஹக் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டார். அதாவுர் ரகுமான் கான் நீக்கம்! தம்முடைய அபு ஹுசேன் சர்க்காருக்குப் பதவிப் பிரமாணம்!

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் டைப் அடித்த காகிதத்தின் முன் உட்காரவைக்கப்பட்ட மனிதர் இவர்தானா? மந்திரிசபையின் ஆயுளைச் சட்டமன்றம் தீர்மானிக்கட்டும் என்று அன்று முறையிட்ட குரல் இதுதானா? மாளிகை மாறவில்லை, பேனா மாறவில்லை. பேனாவைப் பிடித்த விரல் குடியானவர் தலைவருடையது என்பதால் காகிதம் நியாயமாகிவிடுமா?

கராச்சி அன்றிரவே கவர்னரைக் கவிழ்த்தது. ஹக் பதவி நீக்கம். தற்காலிகக் கவர்னராகத் தலைமைச் செயலாளர். அவர் கையெழுத்தில் அபு ஹுசேன் சர்க்கார் நீக்கம். மறுநாள் அதாவுர் ரகுமான் கான் மீண்டும் முதல் மந்திரி. ஒரே இரவில் ஒரு கவர்னரும் இரண்டு முதல் மந்திரிகளும் உருண்ட கூத்து! ஓட்டுப்போட்ட மக்களெல்லாம் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் டாக்கா சட்டமன்றத்துக்குள்ளேயே அடிதடி. துணை சபாநாயகர் ஷாஹித் அலி காயமடைந்து மாண்டார். அக்டோபர் 7ஆம் நாள் ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா அரசியல் சட்டத்தையே கிழித்தெறிந்து ராணுவ ஆட்சியைக் கூப்பிட்டார். இருபதே நாளில் அந்த ராணுவம், கூப்பிட்டவரையே நாடு கடத்தியது. தளபதி அயூப்கான் அமர்ந்தார். மிர்சா 1969இல் லண்டனில் இறந்தார். அவர் உடலைப் புதைக்கப் பாகிஸ்தானில் இடம் தரவில்லை. தெஹ்ரானில் அடக்கம் செய்தார்கள்.

ஹக் 1962 ஏப்ரல் 27ஆம் நாள் டாக்காவில் கண்மூடினார். அவர் கவிழ்த்த அதாவுர் ரகுமான் கானின் கட்சியும், அவரோடு சேர்ந்து கவிழ்ந்த முஜிபுர் ரகுமானும், இருபத்தோரு அம்சத்தைச் சுருக்கி ஆறாக்கி 1966இல் மறுபடி மக்களிடம் போனார்கள். அங்கிருந்து 1971 வரை நடந்தவை தோழர்கள் அறிந்தவை.

டாக்காவில் உயர்நீதிமன்றத்துக்கு அருகே, உயர்ந்த வளைவுகளின் கீழ் மூன்று கல்லறைகள் இருக்கின்றன. ஒன்று ஹக்குடையது. ஒன்று 1963இல் இறந்த சுஹ்ரவர்தியுடையது. மூன்றாவது, அடுத்த ஆண்டு இறந்த டாக்கா நவாபு வீட்டு நாஜிமுத்தீனுடையது. பட்டுவாகாலியில் ஓட்டுக் கேட்டு எதிரெதிரே நின்ற இருவருக்கும் இப்போது ஒரே வாசல்.